வங்கி காட்டும் பேலன்ஸ் உங்கள் பணமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம், "இதில் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரியான பதில்தான் வரும். பிள்ளைகள் விளையாடுகிறார்கள், படம் பார்க்கிறோம், இன்டர்நெட் பார்க்கிறோம் என்பார்கள். என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. கம்ப்யூட்டர் வாங்கி இரண்டு வருடம் ஆகியும் அதில் இருந்த எக்ஸெல் புரோகிராமை நான் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. ஒரு செக் திரும்பி வந்த பிறகுதான் திறந்தேன். அந்தக் கதையையும், அதன் பிறகு நான் தயாரித்துக் கொண்ட ஒரு சிறிய கணக்கு ஷீட்டையும் இங்கே தருகிறேன். இதற்குக் கணக்கியல் தெரிய வேண்டியதில்லை. கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும். அதையும் கம்ப்யூட்டரே செய்துவிடும்.

28,600 ரூபாய் தந்த பாடம்

2017 ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். ஜூன் 10 இரண்டாம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை. ஏ.டி.எம். மெஷினில் கார்டைப் போட்டு பேலன்ஸ் பார்த்தேன். சீட்டில் 28,600 ரூபாய் என்று வந்தது. மாதத்தில் பத்து நாள் ஆகியும் இவ்வளவு பணம் மிச்சமா என்று எனக்கே ஆச்சரியம். வீட்டில் பழைய ஃபிரிட்ஜ் உயிரை விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கடைக்குப் போய் 18,500 ரூபாய்க்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கி, கார்டைத் தேய்த்துவிட்டு வந்தேன். கணக்கில் மிச்சம் 10,100 ரூபாய்.

புதன்கிழமை காலை வீட்டுக்காரர் மாடியில் இருந்து இறங்கி வந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர், எழுபது வயதைத் தாண்டியவர். "தம்பி, நீங்க குடுத்த செக்கு திரும்பிடுச்சுன்னு பேங்க்ல சொல்றாங்களே" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்று மாலையே பள்ளியில் இருந்தும் போன் வந்தது. அங்கே கொடுத்த செக்கும் திரும்பியிருந்தது.

நடந்தது இதுதான். ஜூன் 2-ஆம் தேதி வாடகைக்கு 11,000 ரூபாய் செக் கொடுத்திருந்தேன். வீட்டுக்காரர் மகள் ஊருக்குப் போய்விட்டதால் பத்து நாள் கழித்துத்தான் அதை வங்கியில் போட்டார். 6-ஆம் தேதி பள்ளிக் கட்டணத்துக்கு 14,000 ரூபாய் செக் கொடுத்தேன். பள்ளியில் எல்லாச் செக்குகளையும் சேர்த்து வைத்து ஒரே நாளில் போட்டார்கள். ஏ.டி.எம். சீட்டில் நான் பார்த்த 28,600 ரூபாயில் 25,000 ரூபாய் ஏற்கனவே மற்றவர்களுடையது. என்னுடையது வெறும் 3,600 ரூபாய். அதை வைத்துக் கொண்டு 18,500 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்கியிருக்கிறேன்! மிச்சம் இருந்த 10,100 ரூபாய், இரண்டு செக்கில் ஒன்றுக்குக்கூடப் போதவில்லை.

மச்சானிடம் கைமாற்று வாங்கி இருவருக்கும் பணத்தைக் கொடுத்தேன். இரண்டு செக்குக்கும் வங்கி தனித்தனியாகக் கட்டணம் பிடித்தது. பள்ளியில் அபராதம் வேறு. அதெல்லாம் மறந்துவிட்டது. வீட்டுக்காரர் பணத்தை வாங்கிக் கொண்டு, "அடுத்த மாசத்துல இருந்து ரொக்கமாவே குடுத்துடுங்க தம்பி" என்று சொன்னது மட்டும் மறக்கவில்லை.

இரண்டு பேலன்ஸ்கள்

ஒரு விஷயத்தை மனதில் பதிய வைத்துக் கொள்ளுங்கள். உங்கள் கணக்குக்கு எப்போதும் இரண்டு பேலன்ஸ் உண்டு. ஒன்று, வங்கி காட்டும் பேலன்ஸ். தன்னிடம் வந்து சேர்ந்த வரவு செலவு மட்டுமே வங்கிக்குத் தெரியும். இன்னொன்று, உங்கள் பேலன்ஸ். நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக், 5-ஆம் தேதி போக வேண்டிய கடன் தவணை, மே மாதக் கடைசியில் பிடிக்கப்படும் காப்பீட்டு பிரிமியம் ஆகியவை எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். ஏ.டி.எம். சீட்டு, மொபைல் ஆப், நெட் பேங்கிங் எதில் பார்த்தாலும், நீங்கள் கொடுத்து இன்னும் வங்கிக்கு வராத செக்கை அது கழித்துக் காட்டாது.

நெட் பேங்கிங்கில் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். மொத்த பேலன்ஸ் ஒரு தொகையாகவும், அவைலபிள் பேலன்ஸ் வேறு தொகையாகவும் இருக்கலாம். நீங்கள் கணக்கில் போட்ட செக் இன்னும் பாஸ் ஆகாமல் இருந்தாலோ, பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்து அதற்கான தொகை முடக்கி வைக்கப்பட்டிருந்தாலோ இப்படி வரும். எடுக்க முடிவது அவைலபிள் பேலன்ஸ் மட்டும்தான்.

ஓவர் டிராஃப்ட் என்பது என்ன?

கணக்கில் இருக்கும் பணத்துக்கு மேல் எடுப்பது ஓவர் டிராஃப்ட். வியாபாரிகள் தங்கள் கரன்ட் அக்கவுன்ட்டில் வங்கியிடம் முன்பே பேசி, ஒரு எல்லை வரை இப்படி எடுத்துக் கொள்வார்கள். எடுத்த தொகைக்கும் நாட்களுக்கும் வட்டி உண்டு. டெபாசிட்டை ஈடாக வைத்து மற்றவர்களும் இந்த வசதியைப் பெறலாம். 2014-இல் தொடங்கிய ஜன் தன் கணக்குகளில், தகுதி உள்ளவர்களுக்கு 10,000 ரூபாய் வரை ஓவர் டிராஃப்ட் உண்டு. 2018 வரை இது 5,000 ரூபாயாக இருந்தது.

ஆனால் நம்மில் பலர் வைத்திருக்கும் சாதாரண சேவிங்ஸ் அக்கவுன்ட்டில் இந்த வசதி தானாக வருவதில்லை. பணம் போதாவிட்டால் வங்கி உங்களுக்காகக் கொடுக்காது. செக்கையோ தவணையையோ திருப்பி அனுப்பிவிடும். திருப்பியதற்கு உங்கள் வங்கி ஒரு கட்டணமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் பிடிக்கும். கடன் தவணையாக இருந்தால் கடன் கொடுத்த நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு கட்டணம் போடும். சில நிறுவனங்கள் அதே தவணையைச் சில நாட்களில் மறுபடியும் அனுப்பும். அப்போதும் பணம் இல்லை என்றால் இன்னொரு கட்டணம். தவணை தவறியது உங்கள் கடன் வரலாற்றிலும் பதிவாகலாம். நாளை வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கடனுக்காகவோ பாக்கிக்காகவோ கொடுத்த செக், பணம் இல்லாமல் திரும்பினால் 1881-ஆம் ஆண்டின் மாற்று முறை ஆவணச் சட்டம், 138-ஆவது பிரிவு பாயும். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பயப்பட வேண்டாம், செக் திரும்பிய உடனே வழக்கு வந்துவிடாது. செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள், பணம் வாங்க வேண்டியவர் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்த 15 நாட்களுக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது. எனவே அப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் மேஜை டிராயரில் போட்டுவிடாதீர்கள். வங்கிக் கணக்கில் இருந்து தானாகப் பிடிக்கப்படும் தவணை பணம் இல்லாமல் திரும்பினாலும் இதே போன்ற தண்டனை உண்டு. அது 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 25-ஆவது பிரிவில் வருகிறது.

இப்போது அவகாசம் குறைவு

"காலையில் செக் கொடுக்கலாம், அது பாஸ் ஆக இரண்டு நாள் ஆகும், அதற்குள் பணம் போட்டுவிடலாம்" என்பது பலருடைய பழக்கம். இனி இது நடக்காது. 2025 அக்டோபர் 4 முதல் செக்குகள் வேலை நேரத்தில் தொடர்ந்து கிளியரிங்குக்கு அனுப்பப்படுகின்றன. பாஸ் ஆகுமா திரும்புமா என்பது அன்றே முடிவாகிவிடும். பணம் கணக்கில் இருந்தால் மட்டுமே செக் எழுத வேண்டும்.

தானாகப் பிடிக்கப்படும் தவணைகளுக்கும் இதே கதைதான். முன்பு தவணைத் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்தால் திங்கட்கிழமைதான் பிடிப்பார்கள். 2021 ஆகஸ்ட் 1 முதல் இந்த ஏற்பாடு விடுமுறை நாட்களிலும் இயங்குகிறது. 5-ஆம் தேதி தவணை என்றால் 4-ஆம் தேதி இரவே பணம் கணக்கில் இருக்க வேண்டும்.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம்

எக்ஸெல் புரோகிராமைத் திறந்து புதிய ஒர்க்புக் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். மெனுக்கள் சற்று மாறி இருக்கும், வேலை ஒன்றுதான்.

திரையில் கட்டம் கட்டமாகத் தெரிகிறதல்லவா? ஒவ்வொரு கட்டமும் ஒரு செல். மேலிருந்து கீழே போவது நெட்டு வரிசை. இடமிருந்து வலமாகப் போவது படுக்கை வரிசை. முதல் படுக்கை வரிசையில் ஆறு தலைப்புகளை டைப் செய்திடுங்கள்: தேதி, விவரம், வரவு, செலவு, என் மீதி, முடிந்ததா.

இரண்டாவது படுக்கை வரிசையில் இன்றைய தேதி, விவரம் என்ற இடத்தில் "தொடக்கம்", "என் மீதி" என்ற இடத்தில் பாஸ்புக்கில் கடைசியாக உள்ள பேலன்ஸ், "முடிந்ததா" என்ற இடத்தில் "ஆம்" என்று டைப் செய்திடுங்கள். தொகையை டைப் செய்யும்போது ரூபாய் என்று எழுத வேண்டாம். எழுத்து கலந்தால் எக்ஸெல் அதை எண்ணாக எடுத்துக் கொள்ளாது.

மூன்றாவது வரிசையில் சம்பளத்தை வரவில் போடுங்கள். இப்போது "என் மீதி" செல்லில் கிளிக் செய்து ஒரு பார்முலா அமைக்க வேண்டும். முதலில் சமக்குறி (=) டைப் செய்திடுங்கள். அடுத்து மவுசால் மேலே உள்ள மீதி செல்லில் கிளிக் செய்திடுங்கள். கூட்டல் குறி (+) டைப் செய்து, இதே வரிசையில் உள்ள வரவு செல்லில் கிளிக் செய்திடுங்கள். பிறகு கழித்தல் குறி (-) டைப் செய்து, செலவு செல்லில் கிளிக் செய்திடுங்கள். என்டர் தட்டவும். விடை வந்துவிடும்.

அந்தச் செல்லை மீண்டும் தேர்ந்தெடுத்தால் அதன் வலது கீழ் மூலையில் ஒரு சிறிய சதுரம் தெரியும். அதை மவுசால் பிடித்து ஐம்பது வரிசை வரை கீழே இழுத்து விடுங்கள். பார்முலா எல்லா வரிசைகளுக்கும் சென்றுவிடும். இனி நீங்கள் வரவையும் செலவையும் டைப் செய்தால் போதும். மீதி தானாக மாறும்.

தேதியில் ஒரு சிக்கல் வரும். ஜூலை 5 என்று நினைத்து 5/7 என்று டைப் செய்தால் சில கம்ப்யூட்டர்களில் அது மே 7 ஆகிவிடும். விண்டோஸ் அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருப்பதே காரணம். கண்ட்ரோல் பேனலில் ரீஜன் பகுதியைத் திறந்து, பார்மட் என்ற இடத்தில் இங்கிலீஷ் (இந்தியா) என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

என்னுடைய 2017 ஜூன் மாதக் கணக்கை இந்த ஷீட்டில் போட்டிருந்தால் இப்படி இருந்திருக்கும்:

தொடக்கம்: மீதி 6,200
ஜூன் 1, சம்பளம்: வரவு 38,000, மீதி 44,200, முடிந்தது
ஜூன் 2, வாடகை செக்: செலவு 11,000, மீதி 33,200, முடியவில்லை
ஜூன் 3, மளிகை: செலவு 4,300, மீதி 28,900, முடிந்தது
ஜூன் 5, கடன் தவணை: செலவு 9,450, மீதி 19,450, முடிந்தது
ஜூன் 6, பள்ளிக் கட்டண செக்: செலவு 14,000, மீதி 5,450, முடியவில்லை
ஜூன் 10, மின்கட்டணம்: செலவு 1,850, மீதி 3,600, முடிந்தது

கடைசி வரியைப் பாருங்கள். 3,600 ரூபாய். இதைப் பார்த்திருந்தால் ஃபிரிட்ஜ் கடைப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

இரண்டே விதிகள்

இந்த ஷீட் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் இரண்டு விதிகளை விடாமல் பின்பற்ற வேண்டும்.

முதல் விதி: செலவைக் கொடுத்த அன்றே எழுதுங்கள். செக்கில் கையெழுத்துப் போட்ட அன்றே அந்தப் பணம் உங்களுடையது இல்லை. அது வங்கிக்கு எப்போது வருகிறது என்பது வாங்கியவர் கையில் இருக்கிறது. செக் எழுதிய தேதியில் இருந்து மூன்று மாதம் வரை அது செல்லும் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது விதி: வரவை வந்த பிறகே எழுதுங்கள். நண்பர் தருகிறேன் என்று சொன்ன பணமும், நீங்கள் கணக்கில் போட்டு இன்னும் பாஸ் ஆகாத செக்கும் வரவு அல்ல.

ஷீட்டைத் தொடங்கும் நாளில், ஏற்கனவே கொடுத்து இன்னும் பாஸ் ஆகாத பழைய செக்குகள் இருக்கிறதா என்று செக் புத்தகத்தின் அடிக்கட்டையைப் பாருங்கள். இருந்தால் அவற்றையும் செலவில் எழுதிவிடுங்கள்.

சிவப்பு விளக்கு

மீதி ஓர் அளவுக்குக் கீழே போனால் கம்ப்யூட்டரே எச்சரிக்கும்படி செய்யலாம். "என் மீதி" நெட்டு வரிசையின் மேலே உள்ள எழுத்தில் கிளிக் செய்தால் முழு வரிசையும் தேர்ந்தெடுக்கப்படும். பிறகு ஹோம் டேப்பில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங், அதில் ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், அதில் லெஸ் தேன் என்று வரிசையாகச் செல்லுங்கள். ஒரு சிறிய விண்டோ கிடைக்கும். அதில் 5000 என்று டைப் செய்து ஓகே கொடுங்கள். மீதி 5,000-க்குக் கீழே போகும் இடமெல்லாம் சிவப்பாகிவிடும்.

பூஜ்யம் என்று கொடுக்காமல் 5,000 என்று கொடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாம் எழுத மறப்பது எப்போதும் சின்னச் சின்னத் தொகைகள்தான். ஏ.டி.எம். கார்டுக்கான ஆண்டுக் கட்டணம், எஸ்.எம்.எஸ். கட்டணம், இலவச எண்ணிக்கையைத் தாண்டி ஏ.டி.எம். பயன்படுத்தினால் ஒவ்வொரு முறைக்கும் பிடிக்கப்படும் கட்டணம் (2025 மே 1 முதல் இது 23 ரூபாய் வரை போகலாம்) ஆகியவை சொல்லாமல் வந்து நிற்கும். அவற்றுக்கு ஒரு மெத்தை வேண்டும்.

வருடச் செலவுகளுக்கு இன்னொரு ஷீட்

மாதாமாதம் வரும் செலவு நினைவில் இருக்கும். வருடத்துக்கு ஒரு முறை வருவதுதான் காலை வாரும். திரையின் கீழே உள்ள கூட்டல் குறியில் கிளிக் செய்தால் புதிய ஷீட் கிடைக்கும். அதில் வருடச் செலவுகளைத் தேதியுடன் எழுதுங்கள்.

பிரதமர் பெயரில் உள்ள இரண்டு காப்பீட்டுத் திட்டங்களில் நீங்கள் சேர்ந்திருந்தால் ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாயும், விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாயும் மே மாதக் கடைசியில் கணக்கில் இருந்து பிடிக்கப்படும். 2022 ஜூன் 1-இல் உயர்த்தப்பட்ட தொகைகள் இவை. அந்த நாளில் கணக்கில் பணம் இல்லாமல் பிரிமியம் போகவில்லை என்றால், நின்று போவது குடும்பத்துக்கான பாதுகாப்பு. 456 ரூபாய்தானே என்று விட்டுவிடும் விஷயம் அல்ல இது.

ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். காப்பீட்டு பிரிமியம் 9,600, லாக்கர் வாடகை 2,400, வண்டி இன்சூரன்ஸ் 1,800, மேலே சொன்ன இரண்டும் சேர்த்து 456. தொகைகளுக்குக் கீழே உள்ள காலிச் செல்லில் கிளிக் செய்து, ஹோம் டேப்பில் உள்ள ஆட்டோசம் பட்டனை அழுத்தி என்டர் தட்டவும். 14,256 என்று வரும். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 1,188. சம்பளம் வந்த அன்றே இந்த 1,188 ரூபாயை வேறொரு கணக்குக்கு மாற்றிவிட்டு, முதல் ஷீட்டில் செலவாக எழுதிவிடுங்கள். அந்தந்த மாதத்தில் அங்கிருந்து எடுத்துக் கட்டலாம்.

பாஸ்புக்குடன் சரி பாருங்கள்

வாரம் ஒரு முறை இதைச் செய்தால் போதும். நெட் பேங்கிங்கில் ஸ்டேட்மென்ட் எடுத்தோ, பாஸ்புக்கைப் பதிந்து வந்தோ, உங்கள் ஷீட்டுடன் ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். வங்கியில் வந்துவிட்ட வரிகளுக்கு "ஆம்", வராதவற்றுக்கு "இல்லை" என்று "முடிந்ததா" வரிசையில் டைப் செய்திடுங்கள்.

பிறகு தலைப்பு வரிசையில் கிளிக் செய்து, டேட்டா டேப்பில் ஃபில்டர் என்பதை அழுத்துங்கள். தலைப்புகளின் அருகே சிறிய அம்புக்குறிகள் தோன்றும். "முடிந்ததா" அம்புக்குறியில் கிளிக் செய்து, "இல்லை" என்பதை மட்டும் டிக் செய்து ஓகே கொடுங்கள். பாஸ் ஆகாதவை மட்டும் திரையில் நிற்கும். செலவுத் தொகைகளை மவுசால் தேர்ந்தெடுத்தால் அவற்றின் கூட்டுத்தொகை திரையின் கீழே உள்ள பட்டையில் தெரியும். அதை உங்கள் மீதியுடன் கூட்டினால் வங்கி காட்டும் பேலன்ஸ் வர வேண்டும். என் கணக்கில் 3,600 உடன் 25,000 சேர்த்தால் 28,600. சரியாக இருக்கிறதல்லவா? பார்த்து முடித்த பின் ஃபில்டரை மீண்டும் அழுத்தி எடுத்துவிடுங்கள்.

சரியாக வராவிட்டால் முதலில் வங்கிக் கட்டணங்களையும், வங்கி வரவு வைத்த வட்டியையும் தேடுங்கள். அவை இல்லை என்றால் கணக்கெழுதுபவர்கள் காலம் காலமாகப் பயன்படுத்தும் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறதா என்று பாருங்கள். வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை நீங்கள் மாற்றி டைப் செய்திருக்கலாம். 540 என்பதை 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. இன்னொன்று, வித்தியாசத்தைப் பாதியாக்குங்கள். அந்தப் பாதித் தொகை உங்கள் ஷீட்டில் எங்காவது இருந்தால், அது செலவுக்குப் பதில் வரவில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் செய்யாத செலவு ஏதாவது ஸ்டேட்மென்ட்டில் இருந்தால் உடனே வங்கிக்குத் தெரிவியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. வாரம் ஒரு முறை சரி பார்ப்பவருக்குத்தான் இது கண்ணில் படும்.

மினிமம் பேலன்ஸ் ரகசியம்

ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலும், கனரா வங்கி 2025 ஜூனிலும் சேவிங்ஸ் கணக்குகளுக்கு மினிமம் பேலன்ஸ் கட்டணத்தை எடுத்துவிட்டன. உங்கள் வங்கியில் இந்தக் கட்டணம் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். இருந்தால், அது பெரும்பாலும் மாதச் சராசரியாகத்தான் கணக்கிடப்படும். அதாவது ஒவ்வொரு நாள் முடிவிலும் இருக்கும் பேலன்ஸைக் கூட்டி, நாட்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள்.

சராசரி 5,000 இருக்க வேண்டும் என்றால், 30 நாள் மாதத்தில் கூட்டுத்தொகை 1,50,000 வர வேண்டும். முதல் 10 நாள் 12,000 இருந்தால் 1,20,000. அடுத்த 15 நாள் 1,000 இருந்தால் 15,000. இதுவரை 1,35,000. இன்னும் தேவை 15,000. கடைசி 5 நாட்களும் தினம் 3,000 ரூபாய் கணக்கில் இருந்தால் போதும், கட்டணம் இல்லை. மாதம் முடியும் முன் ஷீட்டைப் பார்ப்பவருக்கு இந்த வழி திறந்திருக்கிறது.

2015 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, பேலன்ஸ் குறைந்தால் வங்கி முதலில் உங்களுக்குத் தெரிவித்து, சரி செய்யக் குறைந்தது ஒரு மாதமாவது தர வேண்டும். இந்தக் கட்டணத்தைப் பிடித்தே சேவிங்ஸ் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கீழே கொண்டு போகவும் கூடாது.

ஷீட்டைப் பத்திரப்படுத்துங்கள்

இந்த பைலில் ஏ.டி.எம். பின் நம்பர், நெட் பேங்கிங் பாஸ்வேர்ட் எதையும் எழுதி வைக்காதீர்கள். கணக்கு எண்கூடத் தேவையில்லை. பைல் மெனுவில் இன்போ, புரொடெக்ட் ஒர்க்புக், என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட் என்று சென்று ஒரு பாஸ்வேர்ட் கொடுக்கலாம். அதை மறந்துவிட்டால் பைலைத் திறக்க முடியாது என்பதால் கவனமாக இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை பைலைப் பென் டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். நெட் பேங்கிங்கை உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் பயன்படுத்துங்கள். வங்கியின் முகவரியை நீங்களே டைப் செய்திடுங்கள், மெயிலிலோ எஸ்.எம்.எஸ்.ஸிலோ வரும் லிங்க்கில் கிளிக் செய்ய வேண்டாம்.

என் ஷீட்டில் இன்றும் ஒவ்வொரு மாதம் 2-ஆம் தேதி "வாடகை, ரொக்கம்" என்றுதான் எழுதுகிறேன். அந்த ஒரு வார்த்தையை மாற்ற என்னால் இன்னும் முடியவில்லை. உங்களுக்கு அந்த நிலை வர வேண்டாம். பாஸ்புக்கையும் செக் புத்தகத்தையும் எடுத்துக் கொண்டு இன்று இரவே கம்ப்யூட்டர் முன் உட்காருங்கள். அரை மணி நேரத்தில் உங்கள் உண்மையான பேலன்ஸ் திரையில் வந்துவிடும். அடுத்த முறை கடைக்குப் போகும் முன் ஏ.டி.எம். சீட்டைப் பார்க்காமல், அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.